அப்பாவின் வண்டி போகும் ஊர்

ப்ளஸ் டூ முடித்த கோடையில் எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் பொருளாதாரம் படிக்க இடம் கிடைத்தது. ஒன்று சென்னையில், இன்னொன்று டெல்லியில். சங்ககிரிக்கு வெளியே எங்கள் தெருவில் அதுவரை யாரும் பொருளாதாரம் படிக்கப் போனதில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "பேங்க் வேலைக்கா கண்ணு?" என்று கேட்டார். ஆமாங்கக்கா என்று சொல்லிவிட்டேன்.

அப்பா லாரி டிரைவர். மரவள்ளிக் கிழங்கில் செய்யும் சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு டெல்லி வரை போவார். அங்கே லோடு கிடைக்கும்வரை கிடந்து, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு திரும்புவார். மாதத்தில் சில நாள்தான் வீட்டில் இருப்பார், அதிலும் பாதி தூக்கத்தில் போய்விடும். விழித்திருக்கும் நேரத்தில் எனக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது. "இங்க கெழங்கு வெல உழுந்து கெடக்குது. போட்டவன் அழுவுறான். ஆனா அங்க கடையில ஜவ்வரிசி வெல அப்படியேதான் இருக்குது" என்பார். நடுவில் அது எங்கே போகிறது என்று நான் கேட்பேன். "அதத்தான் நீ படிச்சுட்டு வந்து சொல்லோணும்" என்பார். எனக்கு இந்தப் படிப்பின்மேல் ஆசை வந்தது அப்படித்தான்.

சென்னையில் நேர்காணல் வைத்திருந்தார்கள். அம்மா தறிப்பட்டறையில் லீவு சொல்லிவிட்டு என்னோடு வந்தார். உள்ளே ஒரு பேராசிரியை என் ஊரைக் கேட்டுவிட்டு, மரவள்ளியைப் பற்றிச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்துக்குமேல் ஓடவில்லை. "தமிழிலேயே சொல்லும்மா" என்றார். கிழங்கு மில், தரகு, லாரி வாடகை, அப்பா சொன்னதையெல்லாம் கொட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது, வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புடிச்சுப் போச்சாட்ட இருக்குது" என்றார். பிடித்துத்தான் போயிருந்தது.

டெல்லி அப்படியில்லை. நுழைவுத்தேர்வு எழுதினேன், இடம் கிடைத்தது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் பாதிக்குமேல் கணக்கு. ஆனால் பெயர் பெற்ற இடம். பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

பதில் சொல்ல வேண்டிய வாரத்தில் அப்பா லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"மெட்ராசுனா ராத்திரி வண்டியேறினா விடியக்காலம் போயிரலாமுங்க" என்றார் அம்மா. "ஒடம்பு கிடம்பு முடியலைனா நாம போய்ப் பாக்கலாமில்ல?"

அப்பா தட்டில் கையைக் கழுவினார். பிறகு என்னைப் பார்த்து, "என்ற வண்டி மெட்ராசுப் பக்கம் போறதே இல்ல சாமி" என்றார். "நீ டெல்லிக்குப் போனீன்னா மாசம் ஒருக்கா நான் வாரேன். லோடு கெடைக்கற வரைக்கும் அங்க சும்மாதான படுத்துக் கெடக்கறேன். உன்னோட உக்காந்து சாப்புடலாம், நாலு வார்த்த பேசலாம்."

என் பள்ளி விழா எதற்கும் அவர் வந்ததில்லை. எனக்கு அம்மை போட்டபோது அவர் ராஜஸ்தானில் எங்கோ இருந்தார். வீட்டில் இருப்பதைவிட டெல்லியில் இருந்தால் விழித்திருக்கும் அப்பாவை அதிகம் பார்க்கலாம் என்ற எண்ணம் என்னை என்னவோ செய்துவிட்டது. மறுநாள் டெல்லிக்குச் சம்மதம் சொன்னேன். சென்னை இடத்தை விட்டேன். அம்மா, "உன்ற இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

டெல்லி வகுப்பில் எனக்கு எதுவும் புரியவில்லை. பேராசிரியர் பலகை நிறைய சமன்பாடுகள் எழுதிவிட்டு, இதெல்லாம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள் என்று சொல்லிக் கடந்துபோவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். விடுதி அறையில் என்னோடு இருந்தவர்கள் இந்தியில் சிரித்துப் பேசிக்கொள்வார்கள். நான் சிரிப்பு முடியும்வரை புன்னகைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் முழுக்க யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன் என்பது படுக்கும்போதுதான் தெரியும்.

சொன்னபடி அப்பா வந்தார். டெல்லிக்கு வடக்கே லாரிகள் நிற்கும் இடத்துக்கு மெட்ரோவிலும் ஆட்டோவிலும் போய்ச் சேர்ந்தேன். வண்டி நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். பக்கத்து வண்டிகளில் இருந்த நம்மூர் டிரைவர்களைக் கூப்பிட்டு, "இது எம்பொண்ணுங்க. இங்கதான் படிக்குது" என்றார். நான் வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டேன். அன்று சாயங்காலம்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த முறை வந்தபோது, லாரிகளுக்கு நடுவே நான் எதிரே நடந்து வருகிறேன், அவர் என்னைத் தாண்டிப் போனார். அப்பா என்று கூப்பிட்டதும் திரும்பினார். "வெயிலு சாமி, கண்ணு கூசுது" என்றார். சாப்பாடு போடும்போது குழம்பு தட்டுக்கு வெளியே விழுந்தது. உடன் வந்த இன்னொரு டிரைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பொழுது சாஞ்சா அண்ணனுக்கு ரோடு தெரியறதில்ல பாப்பா. நாந்தான் ஓட்டிட்டு வாரேன். ஊருக்குப் போனதும் டாக்டருகிட்டக் காட்டச் சொல்லு" என்றார்.

சொன்னேன். தலையாட்டினார். காட்டவில்லை. அதற்கடுத்த பயணத்தில் நாக்பூருக்குப் பக்கத்தில் வண்டியைத் தடுப்புச் சுவரில் உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. சேலத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது வராது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். இதெல்லாம் அம்மா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது விடுதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஏறி இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு டெல்லியில் எனக்கு என்ன இருந்தது? யாருக்காக வந்தேனோ அவர் இனி அங்கே வரப்போவதில்லை. ரயிலிலாவது அம்மாவோடு ஒருமுறை வாங்கப்பா என்றேன். "வந்தாத்தான் நான் என்னத்தப் பாக்கப் போறேன் சாமி" என்றார். குரலில் கோபமோ அழுகையோ இல்லை. அதுதான் தாங்கவில்லை.

முதலாண்டின் முடிவில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா என்று கேட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். இடையில் சேர்க்கும் வழக்கமில்லை, வேண்டுமானால் மறுபடி முதலாண்டுக்கு விண்ணப்பிக்கலாம், இடம் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நன்றி சொல்லி வைத்தேன். அம்மா, ஒரு வருசம் போனாப் போகுது, வந்துரு என்றார். அப்பாவிடம் கேட்டால், "என்னால நீ படிப்ப உட்டுட்டு வந்தீன்னு இருக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. இருந்துவிட்டேன். துணிந்து எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. கணக்குத் தாளில் தோற்றிருந்தேன், அதை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்தேன். சிறுவயதில் எத்தனையோ நாள் அப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது காலையிலிருந்து பொழுது சாயும்வரை வீட்டில்தான் இருந்தார். ஆனால் பேச்சு இல்லை. கிழங்கு விலையைப் பற்றி நானே எடுத்தேன். "எனக்கென்ன தெரியுது இப்ப" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு மதியம் அம்மா வேலைக்குப் போயிருந்தபோது திடீரென்று கேட்டார்.

"மெட்ராசுக்கே போயிருக்கலாமில்ல சாமி?"

"எங்க போனாலும் ஒண்ணுதானுங்கப்பா."

"அங்க உனக்குப் புடிச்சிருந்துதுன்னு உங்கம்மா நேத்துத்தான் சொன்னா. அன்னைக்கே நீ சொல்லலையே."

நான் எழுந்து காய்ந்த துணிகளை மடிக்கத் தொடங்கினேன். அவர் தண்ணீர் வேண்டும் என்றார். கொடுத்தேன். சொம்பை வாங்கும்போது அவர் கை காற்றில் கொஞ்சம் துழாவிவிட்டு என் விரல்களைத் தொட்டது.

திரும்பிப் போகும் நாளில், வேண்டாம் என்று சொல்லியும், சேலம் ஜங்ஷனுக்கு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரயில் சில நிமிடம்தான் நின்றது. நான் ஏறி ஜன்னலோரம் உட்காருவதற்குள் நகரத் தொடங்கிவிட்டது. அப்பா கையசைத்தார். எனக்கு அடுத்த பெட்டியைப் பார்த்து அசைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைத் திருப்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இப்போது கடைசி ஆண்டு. தேர்ச்சி பெற்றுவிடுவேன், அவ்வளவுதான். போன வாரம் வகுப்பில் போக்குவரத்துச் செலவும் விளைபொருள் விலையும் பற்றி ஒரு பாடம் நடந்தது. கிழங்கு விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் போவது எங்கே என்று எனக்குப் புரிந்தது. விடுதிக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா தூங்குகிறார், எழுப்பட்டுமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன்.