மழைக் கட்டுரை

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இன்று புகையூட்டிய ரப்பர் ஷீட் ஏற்றிய லொறி கடந்தபோது வந்த புகைவாசம், இப்போது இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே, தகரக் கூரையில் மழை இரைந்தால் பாடமே கேட்காத அந்த ஒற்றை அறைக்கே, என்னை இழுத்துப்போனது. அன்று, மழை பற்றிய என் கட்டுரையில் சந்தோஷமே இல்லை என்று, வெளியூரிலிருந்து வந்த தமிழ் ஆசிரியர், எங்கள் சேர், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"மயில் ஆடும்னு புத்தகத்துல இருக்கே, அத எழுது."

"எங்க மலையில மயில் இல்லீங்க சேர். மழை பேஞ்சா ரப்பர் பால் வெட்ட முடியாது, அம்மாவுக்குச் சம்பளம் இல்லீங்க."

வெளியே நிறுத்தினார். நனைந்துகொண்டே நின்றேன், ஒரு வரிகூடத் திருத்தவில்லை. இன்று நானும் தமிழ் ஆசிரியை. என் வகுப்பில் பிள்ளைகள் அவரவர் மழையைத்தான் எழுதுகிறார்கள்.