ஆறு துணித்துண்டுகளும் ஒரு தீவும்

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படகில் ஏறி ஒரு தீவை முழுசாகச் சுற்றி வர வேண்டும். நகை கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். தீவுக்கு என்ன சாக்குச் சொல்வது? ஆனாலும் சொன்னேன். முதல் வருடம் கம்பெனியில் ஷிப்மெண்ட், சரக்கு கப்பலேற வேண்டும் என்றேன். இரண்டாம் வருடமும் ஷிப்மெண்ட் என்றேன். மூன்றாம் வருடம் நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "ஷிப்மெண்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கலர் பார்க்கிற ஆள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு கலரைக் கேட்பார். சாயப்பட்டறையில் தீப்பெட்டி அளவுத் துண்டில் அதைப் போட்டு அனுப்பி வைப்போம். அவர் ஓகே சொன்ன பிறகுதான் துணி மொத்தமும் சாயத்துக்குப் போகும். அந்த வருடம் ஒரு பையர், பத்திரிகையிலிருந்து கிழித்த கடல் படம் ஒன்றை அனுப்பி, இந்தத் தண்ணீரின் கலர்தான் வேண்டும் என்றிருந்தார். அது பச்சையா நீலமா என்று அந்தக் கடலுக்கே தெரிந்திருக்காது. நான்கு முறை அனுப்பினோம். நான்கு முறையும் 'இது இல்லை' என்று திரும்பி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் நாலாவது வருடத்துத் தீவுப் பேச்சு வந்தது. "இந்தச் சனிக்கிழமையே போலாம் அம்மிணி" என்றேன்.

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காச்சல் எதுவும் இல்லீங்களே."

"நெசமாத்தான் சொல்றேன்."

"சரிங்க. ஆனா ஒண்ணு. ரெண்டு நாளைக்கு பனியன், கம்பெனி, சாயம், ஒரு பேச்சும் வரக்கூடாதுங்க. நான் தீவச் சுத்தோணும். முன்னாடி பின்னாடி எல்லாம் பாக்கோணும். அவ்வளவுதானுங்க."

சத்தியம் செய்தேன். செய்துவிட்டு, புதிதாகச் சாயம் போட்ட ஆறு துண்டுகளைச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். படத்தைப் பார்த்து மேட்ச் செய்வதைவிட நிஜக் கடலையே பார்த்துச் செய்துவிடலாம் என்ற மகா யோசனை எனக்குத்தான் வந்தது. முதலாளியிடம் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி லீவு வாங்கினேன். மாமனார் அன்றைக்குப் பொங்கலூரில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார், நல்ல ஆரோக்கியமாக.

சனிக்கிழமை முழுக்க பஸ். மறுநாள் காலை ராமேஸ்வரம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் படகு பிடித்தோம். எங்களோடு மதுரையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரும் அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். மோட்டார் வைத்த சின்னப் படகு. வெயிலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. கிளம்பும்போதே படகுக்காரர் சொல்லிவிட்டார்: "தீவுக்குப் பின்னாடிதான்க்கா பாக்குறதுக்கு எல்லாம் இருக்கு. ஆனா பதினோரு மணிக்கு மேல காத்து எந்திரிச்சிரும். அப்புறம் அங்கிட்டுப் போக ஏலாது. வெரசாப் போயிட்டு வந்துரணும்."

என் மனைவி படகின் முன்நுனியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்கு வருடம் காத்திருந்தவள் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தாள். தீவு நெருங்க நெருங்கத் தண்ணீர் நிறம் மாறியது. கருநீலம் போய், இளநீலம் போய், மணல் திட்டு ஒன்றின் ஓரத்தில் அந்தப் பத்திரிகைப் படத்துத் தண்ணீர் அப்படியே கிடந்தது. என் கை தானாக உள்பாக்கெட்டுக்குப் போனது.

வாத்தியார் என்னைக் கவனித்துவிட்டார். "தம்பி, நானும் அப்பப் புடிச்சுப் பாக்குறேன், பரிச்சையில காப்பியடிக்கிற பய மாதிரி பாக்கெட்டையே தடவிக்கிட்டு இருக்கீங்க."

"கர்ச்சீப்புங்க சார்" என்றேன். சொன்னதை நிரூபிக்க ஒரு துண்டை வெளியே எடுத்து முகத்தையும் துடைத்துக்கொண்டேன்.

தீப்பெட்டி அளவில் யாராவது கர்ச்சீப் வைத்திருப்பார்களா என்று நான் யோசிக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அவசரத்தில் சோப்புத் தண்ணீரில் அலசாமல் எடுத்து வந்த துண்டு அது; வேர்வை பட்டதும் சாயம் நெற்றியில் இறங்கிவிட்டது. வாத்தியாரின் மனைவி என்னைப் பார்த்துச் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வாத்தியார், "நெத்தியில என்ன தம்பி, கோயில்ல இப்ப திருநீறு மாதிரி பச்சையும் குடுக்குறாங்களா?" என்றார்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். மறுபடி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு திருப்பு, எங்கள் முதலாளி முழுசாகத் திட்டி முடிப்பதைவிடக் கனமானது.

மாட்டிக்கொண்ட பிறகு மறைப்பானேன் என்று ஆறு துண்டுகளையும் வெளியே எடுத்தேன். ஆனால் தார்ப்பாய்க்குக் கீழே எல்லாமே ஒரே நீலமாகத் தெரிந்தது. எந்தத் துணியானாலும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வெயிலில் பார்ப்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் பாதிப்பேர் சூரியனுக்காகக் காத்திருப்பது துணி காயப்போட இல்லை, கலர் பார்க்க. படகில் வாசல் ஏது? மணல் திட்டுதான் வாசல்.

"அண்ணே, அந்தத் திட்டுல ஒரு பத்து நிமிசம் நிறுத்துங்க. எறங்கிப் பாத்துட்டு வந்தர்றேன்."

படகுக்காரர் வானத்தைப் பார்த்தார். "பத்து நிமிசம்னா பத்து நிமிசத்துல வந்துருவீகளா சார்?"

நான் பதில் சொல்லுமுன் என் மனைவி சொன்னாள்: "பத்து நிமிசம்னா ஒரு மணி நேரமுங்கண்ணா. நாலு வருசமா எனக்குத் தெரியும்."

"அப்பக் காத்து வந்துரும்க்கா. பின்பக்கம் பாக்க முடியாது."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். துண்டுகளைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, "வேண்டாம், போலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததும் உண்மை. ஆனால் படகு திட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது, தண்ணீரும் மூன்றாம் நம்பர் துண்டு மாதிரியே இருந்தது.

அவள் என்னைவிட முந்திக்கொண்டாள். "எறங்கிப் பாருங்க. வெயிலு நல்லா அடிக்குது. அண்ணா, இவரை இங்க விட்டுட்டு நாம சுத்திட்டு வரலாமுங்க."

"தனியா விட்டுட்டா?" என்றார் வாத்தியாரின் மனைவி.

"தனியா இல்லீங்கம்மா. அதான் ஆறு பேரு கூட இருக்காங்களே."

முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். ஒரு பாட்டில் தண்ணீரையும் பாதி பிஸ்கட் பாக்கெட்டையும் என் கையில் கொடுத்தாள். படகு தீவின் முனையைத் திரும்பி மறைந்தது. மோட்டார் சத்தமும் கொஞ்ச நேரத்தில் நின்றது.

மணல் திட்டில் நான் செய்த ஆராய்ச்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் மூன்றாம் நம்பர் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு மேகம் வந்தது, ஐந்தாம் நம்பர் பொருந்தியது. உட்கார்ந்து பார்த்தால் ஒன்று, நின்று பார்த்தால் ஆறு. குழப்பம் தீர இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தண்ணீருக்குக் கலரே இல்லை. பத்து வருடம் கலர் பார்த்துச் சம்பளம் வாங்கிய ஆள், அதை ஒரு மணல் திட்டில் இறங்கித்தான் கண்டுபிடித்தேன்.

படகு திரும்பி வந்தபோது காற்று எழுந்துவிட்டது. என் மனைவியின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. முகம் வெயிலில் கறுத்து, அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது. வாத்தியார் கை கொடுத்து என்னை ஏற்றினார்.

"எதுங்க மேட்ச் ஆச்சு?" என்று கேட்டாள்.

"எல்லாமும் ஆச்சு."

"நல்லதுங்க."

"பின்பக்கம் என்ன இருந்துச்சு?"

அவள் கடலைப் பார்த்தபடி சொன்னாள்: "சொன்னா அதுக்கும் ஒரு கலரு கேப்பீங்க. வுடுங்க."

ஊர் வரும்வரை சொல்லவில்லை. வந்த பிறகும் சொல்லவில்லை. ஆறில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து பையருக்கு அனுப்பினேன். அது பாஸாகிவிட்டது. எந்த நம்பர் என்று அவள் கேட்கவுமில்லை, சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

ஒரு வாரம் கழித்து, காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததை ஜன்னலுக்கு உள்ளே நின்று கேட்டேன். பின்பக்கத்தில் படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினாராம். தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை பூப்போல விரிந்து தெரிந்ததாம். ஆமை ஒன்று படகுக்குக் கீழே புகுந்து இந்தப் பக்கம் வந்து தலையைத் தூக்கிப் பார்த்ததாம்.

"அப்ப அவரு பாக்கவே இல்லியா?" என்றார் அக்கா.

"எங்கீங்க்கா. ஆமைய அவருக்குக் காட்டணும்னு ரெண்டு தடவ பின்னாடி திரும்பிட்டேன். அவரு உக்காந்திருந்த எடத்துல அந்த வாத்தியாரு இருந்தாரு."

"அய்யோ பாவமே."

"ஆருங்க்கா பாவம், நானா அவரா?"

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு யோசித்தார். நானும் ஜன்னலுக்கு உள்ளே பல் துலக்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.