குழாயில் ஒலித்த மூன்றாம் அத்தியாயம்

எழுதச் சொல்லிக் கொடுக்கிற தொழிலில் முதல் தொல்லை எழுத்து இல்லை, சத்தம். ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்து "கேக்குதா, கேக்குதா" என்று தொண்டை வற்றக் கத்தினவர் யாராக இருந்தாலும் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்தான். நான் மைக் செட்டுக்காரன். சங்கரன்கோவிலில் பூ மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடித்தபசு என்று நாற்பது வருஷமாகப் பிறத்தியார் பேச்சைப் பெரிசாக்கிக் கொடுத்தே பிழைத்தவன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. அப்படிப்பட்ட நான் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டுரைக்குள் போய் விழுந்த கதையைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன். நெட் விட்டு விட்டு வந்ததால் எனக்கும் அது துண்டு துண்டாகத்தான் கிடைத்தது.

எழுதித் தர மாட்டோம்

என் தம்பி மகள் கோமதி ஒரு கல்லூரியில் ஆறு வருஷம் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். பிராஜெக்ட், ஆய்வேடு என்று பிள்ளைகள் எழுதத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்துப் பார்த்து, வேலையை விட்டுவிட்டு ஆன்லைனில் எழுத்துப் பயிற்சி தொடங்கினாள். இடம், என் கடைக்குப் பின்னால் இருக்கிற ரூம். ஸ்பீக்கர் டெஸ்ட் செய்வதற்காக அங்கே சுவர் முழுக்கச் சாக்கும் பழைய மெத்தையும் அடித்து வைத்திருந்தேன். வெளிச் சத்தம் உள்ளே வராது. "ரூமை எடுத்துக்கோ மக்கா, மைக்கை மட்டும் நான்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அவளுடைய லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயர் என் மிக்சருக்கு வந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சல் இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கோமதி முதல் நாளே ஒரு சட்டம் போட்டாள். எழுதித் தர மாட்டோம், எழுதச் சொல்லித் தருவோம். முதல் போன் வந்தது. "மேடம், நூறு பக்கம் வேணும். எத்தனை நாள்ல கிடைக்கும்?" கோமதி பொறுமையாக விளக்கினாள். எழுதுவது நீங்கள்தான், எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று பக்கத்திலிருந்து காட்டுவது மட்டும் எங்கள் வேலை.  போன் செய்த பையன் நிஜமான பரிதாபத்தோடு கேட்டான்: "அப்போ உங்களுக்கும் எழுத வராதா மேடம்?"

இருபது நிமிஷம்

கோமதியிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதின தாளை வாங்கிப் படிக்க மாட்டாள். எழுதினவரே அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கடையநல்லூர் ரியாஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் அப்படி ஒரு நாள் வாசிக்க உட்கார்ந்தார். திரையில் உதடு அசைகிறது, கை ஆடுகிறது, புருவம் ஏறி இறங்குகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு வாசிக்கிறார். நாங்கள் இங்கிருந்து கத்துகிறோம். நடுவில் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று எங்கள் சத்தத்தையும் அவர் குறைத்து வைத்திருந்தாராம். கோமதி ஒரு அட்டையில் பெரிசாக எழுதிக் கேமராவுக்குக் காட்டினாள். அவர் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

இருபது நிமிஷம் கழித்து முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடித்து, மியூட்டை எடுத்தார். "எப்படி மேடம் இருந்துச்சு? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றார். கோமதி சொன்னாள்: "அமைதியா இருந்துச்சு தம்பி."

நீங்க என்ன வெர்ஷன்

மேடையில் பேசுகிறவன் மனசிலிருந்து பேசுகிறானா, யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறானா என்பது மைக் செட்டுக்காரனுக்குத் தெரிந்துவிடும். சொந்தப் பேச்சு என்றால் மூச்சு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். இரவல் பேச்சு என்றால் நடு வாக்கியத்தில் போய் முட்டும். இது எனக்குப் பழகின சங்கதி. ஆனால் கட்டுரைக்கும் இது பொருந்துமா என்று ஒரு ஆசை வந்துவிட்டது. மறுவாரம் ரியாஸ் வாசித்தபோது கண்ணை மூடிக் கேட்டேன். வகுப்பு முடிந்ததும் கோமதியிடம், "நாலாவது வரியிலேருந்து ஆறாவது வரி வரைக்கும் வேற ஆளு பேசுதான் மக்கா" என்றேன்.

அவள் ரியாஸிடமே கேட்டாள்.  அவர் ஒத்துக்கொண்டார். அந்த மூன்று வரியும் செல்போனில் இருக்கிற ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததாம். கோபம் ஒன்றும் இல்லை. ஆச்சரியம்தான். என்னைத் திரைக்கு முன்னால் வரச்சொல்லிக் கேட்டார்: "காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரையே தாண்டி வந்த வரி அது. அண்ணாச்சி, நீங்க என்ன வெர்ஷன்?"

சந்தையைக் காணோம்

அந்தப் புகழ்ச்சி எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்து வந்தது இசக்கியம்மாள். வாசுதேவநல்லூர்ப் பிள்ளை, எம்.காம். கடைசி வருஷம். சங்கரன்கோவில் மல்லிகைப்பூ வியாபாரத்தைப் பற்றி பிராஜெக்ட். வாசிக்க ஆரம்பித்ததும் மூச்சு கண்ட கண்ட இடத்தில் முட்டியது. "இது முழுக்க இரவல்" என்று தீர்ப்புச் சொன்னேன். கோமதி பக்குவமாகக் கேட்டாள். அந்தப் பிள்ளை அழுகிற குரலில், "இல்லை மேடம், வரப்புல நடந்துக்கிட்டே வாசிக்கேன். நின்னா சிக்னல் போயிருது" என்றது. ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். 

இசக்கியின் பாடு வேறு மாதிரி. மூன்றாம் அத்தியாயத்தை அதன் கைடு இரண்டு தடவை திருப்பிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி. அன்றைக்கும் சரியில்லை என்றால் இந்த வருஷம் பட்டம் கிடையாது. அடுத்த வருஷம் வீட்டில் அனுப்பப் போவதும் இல்லை, அதை அதன் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். அட்டவணை, மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கைடு இரண்டு தடவையும் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதியிருக்கிறார்: சந்தையைக் காணோம். கோமதிக்கும் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. இசக்கி கேட்டது: "தலைப்புலயே சந்தைன்னு போட்டிருக்கேன் மேடம், இன்னும் எங்கன கொண்டுபோய் வைக்க?"

தெரு கேட்ட கட்டுரை

செவ்வாய்க்கிழமை காலை. ஒரு புது வீட்டுப் பால்காய்ப்புக்குக் குழாய் ஸ்பீக்கர் இரண்டு கேட்டிருந்தார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டிவிட்டு, கீழே மிக்சர் முன்னால் உட்கார்ந்து டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். அதே நேரம் உள்ளே வகுப்பு. என் காதில் ஹெட்போன். மிக்சரில் பாட்டுக்கு உள்ள குமிழைத் திருகுவதாக நினைத்து வகுப்புக் குமிழைத் திருகிவிட்டேன். ஹெட்போன் மாட்டினவனுக்குத் தெருவில் என்ன கேட்கிறது என்று எப்படித் தெரியும்? இசக்கியம்மாளின் மூன்றாம் அத்தியாயம் பூ மார்க்கெட்டைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தது. "மலர் வணிகர்கள் மல்லிகையின் நறுமணத்தை நுகர்ந்து தரத்தை நிர்ணயித்து, அதற்கேற்ப விலை அமைக்கின்றனர்..."

கதவு உடைகிற மாதிரி தட்டினார்கள். திறந்தால் பூ மார்க்கெட் கமிஷன் கடை சுப்பையா, பின்னால் இரண்டு லோடுமேன், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பூ கொண்டு வருகிற ஒரு அம்மா. "யாரு அண்ணாச்சி அந்தப் பிள்ளை? மோந்து பாத்து விலை போடுதோமாம்! மொட்டுல ஏது மணம்? காலைல வாரது பூராம் மொட்டு. சாயங்காலம் விரிஞ்சாத்தான் மணக்கும். எங்க கடைல பூ மணந்துதுன்னா அன்னைக்கு அது எழவு விழுந்த துட்டி வீடு!" என்றார் சுப்பையா. அந்த அம்மா விடவில்லை. "விடியு முந்திப் பறிச்சு, ஈரத்துணியைப் போட்டு மூடி, ஓட்டமா ஓடி வாரது எதுக்கு? மணந்துரக் கூடாதுன்னுதானே!"

அப்போதுதான் எனக்குக் குமிழ் ஞாபகம் வந்தது. கோமதி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ரூம் கதவும் மைக்கும் திறந்தே இருந்ததால் அந்தப் பக்கம் இசக்கி எல்லாவற்றையும் கேட்டுவிட்டது. "நீ மார்க்கெட்டுக்குப் போனியா இசக்கி?" என்று கோமதி கேட்டாள். பதில் குழாய் வழியாகவே வந்தது. "போனேன் மேடம், பதினோரு மணிக்கு. ஈரச்சாக்கும் ரெண்டு மாடும்தான் நின்னுது. கேக்கக் கூச்சமா இருந்துச்சு. அதான் ஊருக்கு வந்து எல்லாக் கடைக்கும் கூகுள் ஃபார்ம் அனுப்புனேன்." சுப்பையா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது நீதானா தாயி! லோன் தாரேன்னு லிங்க் அனுப்புவானுவளே, அந்தக் கும்பல்னு நினைச்சுல்லா அழிச்சிட்டேன்!"

பதினோரு சுப்பையா

வெள்ளிக்கு மூன்று நாள். எனக்குத்தான் பதற்றம். "இந்த ஒரு தடவை நீயே எழுதிக் கொடுத்துரு மக்கா, ஒரு வருஷம் போயிரும்லா" என்று கெஞ்சினேன். கோமதி என்னை ஏறிட்டுப் பார்த்து, "மைக் செட்டுக்காரர் மணமேடைல ஏறித் தாலி கட்டுவாரா பெரியப்பா?" என்றாள். 

புதனும் வியாழனும் இசக்கி முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தது. சுப்பையா கடைத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, கூட்டிப் பெருக்குகிற வரைக்கும் பார்த்தது. பிறகு எங்கள் ரூமுக்கு வந்து எழுதியது. கோமதி பேனாவைத் தொடவில்லை. "இதை யார் சொன்னா?", "இதை நீ எப்போ பார்த்த?" இந்த இரண்டு கேள்வியை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டாள். பதில் இல்லாத வரியையெல்லாம் இசக்கியே அடித்தது. பாதி அத்தியாயம் காலியானது. மிச்சத்தில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: "மல்லிகைக்கு விலை வைப்பது அதன் மணம் அல்ல, மணப்பதற்குள் விற்றாக வேண்டிய அவசரம்." வாசித்தபோது மூச்சு எங்கும் முட்டவில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

தகவல் தந்தவர்கள் பட்டியலில் பெயர் போடலாமா என்று சுப்பையாவிடம் கேட்கப் போனோம். பூவை நிறுத்துக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். "பேரு போடு தாயி, வேண்டாங்கல. ஆனா இனிஷியலை விட்டுராத. இந்த மார்க்கெட்டுல பதினோரு சுப்பையா இருக்கோம்."

கைடு கேட்ட கேள்வி

வெள்ளிக்கிழமை அனுப்பியாயிற்று. சனிக்கிழமை காலை கைடு ஆன்லைனில் பேச வேண்டும் என்றார். இசக்கி எங்கள் ரூமிலேயே உட்கார்ந்தது. நான் குழாய் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மிக்சர் முன்னால் இருந்தேன். அவர் முகம் சந்தோஷமாக இல்லை. "முதல் ரெண்டு தடவை எழுதின ஆள் வேறம்மா, இது வேற ஆள். யார் எழுதிக் கொடுத்தா? இப்படி எழுதிக் கொடுக்கிற இடங்கள் இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். கோமதி எழுந்தாள். என்ன நினைத்தாளோ, திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.  நன்றாக எழுதினதே குற்றமாகிவிட்டதே! "நான்தான் சார் எழுதுனேன்" என்றது இசக்கி.

"சரி. மணக்கிறதுக்குள்ள விக்கணும்னு எழுதியிருக்க. விக்காம மிஞ்சின பூ என்ன ஆகுது?" அது அத்தியாயத்தில் இல்லை. கோமதிக்குத் தெரியாது. மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே நாற்பது வருஷம் இருந்த நான், அதைக் குப்பையில் கொட்டுவார்கள் என்றே நினைத்திருந்தேன். இசக்கி தாளைப் பார்க்கவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொன்னது. "பத்து மணி வாக்குல சென்ட் கம்பெனி வேன் வரும் சார். நல்லது, நைஞ்சது எல்லாத்துக்கும் ஒரே விலைதான். சாக்கோட அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிருவாங்க. அள்ளும்போது சுப்பையா மாமா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிடுவாரு. ஏன்னு கேட்டேன். பாக்க மாட்டாம இருக்கு தாயின்னாரு."

கைடு கண்ணாடியைக் கழற்றினார்.  "கையெழுத்துப் போட்டுடுறேன். இப்போ சொன்னியே, அதையும் அப்படியே நாலு வரி சேர்த்து திங்கட்கிழமை அனுப்பு" என்றார். பிறகு குரலை இறக்கி, "இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு இதை ஏம்மா எழுதல?" என்று கேட்டார். இசக்கி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொன்னது: "இதெல்லாம் ஆராய்ச்சில வரும்னு யாரும் சொல்லலையே சார்."

மொத்தத்தில் இந்தத் தொழிலில் நான் கண்டது, பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதத் தயாராகத்தான் இருக்கிறார்கள், கண்ணால் பார்த்ததை எழுத மட்டும் மேலேயிருந்து ஓர் உத்தரவு வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள், அந்த உத்தரவைப் போடுகிற அதிகாரி எந்த ஆபீசில் இருக்கிறார் என்பதுதான் இன்றுவரை எங்களுக்கும் தெரியவில்லை.