செல்லமுத்துவின் பெட்டிக்கு நான் வைத்த பொட்டு

செல்லமுத்து போய்விட்டான். இன்று காலை, ரிங்லெட்டில், மகள் வீட்டில்...

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் வயர்மேனாக இருந்தவன். பழைய ஆட்களுக்கு "தூங்குற பெட்டி" என்றால் போதும். மற்றவர்களுக்கு நான் சொல்கிறேன். என்னை விட்டால் யாருக்கும் முழுக்கதை தெரியாது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. மேட்டு உச்சியில் ஃபேக்டரியின் தண்ணீர் டேங்க். தண்ணீர் குறைகிறதா என்று பார்க்கத் தினமும் ஓர் ஆள் ஏறி இறங்க வேண்டும்.

செல்லமுத்து தபால் வழியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். மைக்ரோகண்ட்ரோலர் என்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சில்லை ஈப்போவிலிருந்து வாங்கி வந்தான். பார்க்கக் கரப்பான்பூச்சி மாதிரி, இரண்டு பக்கமும் கால்கள். அதை வைத்து ஒரு பெட்டி செய்தான்.

பெட்டி டேங்க் மேல் தூங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும். இரண்டு செப்பு முனைகள் தொட்டுக்கொள்ளும். சில்லின் ஒரு காலுக்கு சிக்னல் போகும். பெட்டி விழித்து, கீழே ஃபேக்டரியில் மணி அடிக்கும்.

பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் லோரி பேட்டரியை அந்த மேட்டுக்குத் தோளில் தூக்கிப் போனது யார்? நான்தான். ஒரே மூச்சு. வழியில் ஒரு புலி ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டது. நம்பினால் நம்புங்கள்.

ஐந்தே நாளில் பேட்டரி காலி! தண்ணீர் கொஞ்சம் அலம்பினாலும் முனைகள் பட்டும் படாமலும் தொட, பெட்டி முழுசாக எழுந்து மணியடித்துக்கொண்டே இருந்தது...

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எல்லார் முன்னாலும் சொன்னார். "தொர முடிவா சொல்லிட்டாரு. ஒரு மாசம் பேட்டரி மாத்தாம ஓடணும். ஓடலைன்னா உனக்கு வயர்மேன் வேலை இல்ல. தேயிலைக்கு மருந்தடிக்கப் போயிடு."

நாலு நாள் கழித்து செல்லமுத்து சிரித்துக்கொண்டே நான் ஓட்டுகிற தோட்டத்து லோரிக்கு வந்தான்.

"மாணிக்கண்ணே, தூக்கத்துல சத்தம் கேட்டா ஒடனே எந்திரிச்சு எல்லா வெளக்கையும் போடுவீங்களா? ஒரு கண்ண மட்டும் தொறந்து பாப்பீங்க. ஒண்ணுமில்லன்னா திரும்பத் தூங்கிடுவீங்க. பெட்டிக்கும் அதச் சொல்லிக் குடுத்துட்டேன் லா. சிக்னல் நெலையா நின்னாத்தான் மணிக்கே கரண்ட் போகும்."

இந்த யோசனை என்னுடையது என்று நான் பல கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அவனுடையதுதான்.

புது பேட்டரி மாட்டினோம். மறுநாள் ஆயுத பூஜை. மெஷின், லோரி, கத்தி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. மேலே இருக்கிற பெட்டிக்கு யார் வைப்பது? நான் ஏறிப் போய் மூடியைத் திறந்தேன். மஞ்சள் தண்ணீரில் குழைத்த சந்தனம், ஒரு கை நிறைய. அந்த இரண்டு செப்பு முனைகளும் பார்க்கப் புருவம் மாதிரி இருந்தன. நடுவில் அப்பினேன், தாராளமாக. யாரும் பார்க்கவில்லை.

எங்கள் மலைப் பனியில் சந்தனம் எங்கே காய்வது? ஈரத்தில் துளித்துளியாகக் கரண்ட் ஓடியிருக்கிறது. பெட்டி ஒரு கண்ணைத் திறக்கும், ஒன்றுமில்லை, தூங்கும். உடனே திரும்பத் திறக்கும்... நாள் முழுக்க இதே வேலை.

பழைய பெட்டியாக இருந்தால் முதல் நாளே மணி அலறியிருக்கும். அவன் ஏறிப் போய்த் துடைத்திருப்பான். புதுப் பெட்டிக்குத்தான் சத்தம் போடாமல் இருக்க அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தானே!

முப்பதாம் நாள் தோட்டத்து மேனேஜர் தொரையே ஏறி வந்து மிதவையை அழுத்தினார். கீழே மணி அடிக்கவில்லை. பேட்டரி காலி.

செல்லமுத்து மூடியைத் திறந்து விரலால் துடைத்துப் பார்த்தான். "சந்தனம்... சந்தனந்தான் கரண்ட்ட இழுத்திருக்கு, சார்."

கூட வந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் நான்.

"பெட்டி செய்யத் தெரியாதவன் சாமி பொட்டு மேல பழி போடுறான், பாருங்கய்யா!"

கிராணி சிரித்தார். ஒரு கிழவி அவன் காலடியில் துப்பினாள். அவன் என் பக்கமே திரும்பினான். "அண்ணே, யாரு வச்சதுன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்கண்ணே..."

"பாக்குறேன்" என்றேன்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், எல்லாரையும் நிறுத்தி ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், அவன் முதுகில் மருந்து டப்பாவை மாட்டினார்கள். வயர்மேன் வேலை எனக்கு வந்தது. ஃப்யூஸ் மாற்ற மட்டும்தான் எனக்குத் தெரியும். அதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

கொழுந்தெடுக்கிற பெண்கள் அவனைப் பார்த்தால் கேட்பார்கள். "என்ன செல்லமுத்து, இன்னைக்கு ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?" அந்தக் கிண்டலைக் கட்டிவிட்டதும் நான்தான். நல்லா ஓடியது. பதினாறு வருஷம் அந்த டப்பாவைச் சுமந்தான், நெஞ்சு கெடும்வரை.

என்னோடு ஒரு நாளும் பேச்சை நிறுத்தவில்லை. அதுதான்...

இப்போதுதான் அவன் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா கடைசி வரைக்கும் உங்கள மட்டுந்தான் நல்லவருன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. நாளைக்கு எடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க நாலு வார்த்தை பேசணும்."

அங்கே நின்று பேச எனக்கு வராதும்மா. இங்கே, நம் தோட்டத்து ஆட்கள் குரூப்பில், எழுதிவிட்டேன், படித்துக்கொள்.

போய் வா, செல்லமுத்து.