சீட்டுக்கு அடியில் வைத்த பொம்மை

கையும் காலும் இல்லாத, உருண்டைத் தலை வைத்த ஜப்பானிய மரப்பொம்மைகளைச் சேர்ப்பதில் எனக்குப் பைத்தியம். பழையவற்றில் வெயில் பட்டால் சாயம் வெளிறிவிடும்.

யுத்த காலத்தில் ஒருநாள் கொட்டாஞ்சேனைப் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. பேப்பரில் இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தை பஸ் ஏறினேன். என் ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்தது. நிழலில் இருக்கட்டுமென்று பையை எதிர்ப்பக்க வெறும் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

பம்பலப்பிட்டியில் ஏறிய ஒருவர் அங்கே உட்காரப்போய்ப் பையைக் கண்டார். "மே பேக் எக்க காகெத?" யாருடைய பை என்று சிங்களத்தில் கேட்டார். பதிலுக்குச் சிங்களச் சொல்லைத் தேடினேன். அதற்குள் குண்டென்று பயந்து சனம் இடித்துப் பிடித்து இறங்கத் தொடங்கிவிட்டது.

பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "உம்மட பைதானே பிள்ளை? கெதியாச் சொல்லும்."

"ஓம், என்ர பை."

தெருவோரம் நின்ற ஆமிக்காரன், பையோடு இறங்கிய என்னையே பொதியைப் பிரிக்கச் சொன்னான். இறுக்கி ஒட்டிய டேப் உரியவே இல்லை. இழுத்த இழுப்பில் பொம்மையின் தலை திரும்பிக் கீச்சென்றது. அப்படிச் சத்தமிடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அவனுக்கு அது எப்படித் தெரியும்? துவக்கைத் தூக்கி என்னைக் குறிபார்த்தான். பிறகு பேப்பர்க் கிழிசலில் தெரிந்த அந்தச் சின்ன முகத்தைப் பார்த்து, "யன்ன" என்றான். போகலாம். பஸ் போய்விட்டிருந்தது. நடந்தேன்.

இப்போதெல்லாம் பொம்மையைச் சுற்றுவதில்லை. முகம் எல்லோருக்கும் தெரிய பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஒன்றுக்குக் கன்னம் வெளிறிவிட்டது. வெளிறட்டும்.