இடப்பக்கத்துச் சத்தம்

இருசப்பனுக்கு இடது காது கேட்காது. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் செரண்டா ஊரில் ஒரு லோரிப் பட்டறையில் வேலை பார்த்தபோது, பாலத்தருகே நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவன் விட்ட ஒரே அறையில் காதுக்குள் ஏதோ கிழிந்தது. இரண்டு நாள் ரத்தம் வந்தது. ஒரு மாதம் இரைச்சலாக இருந்தது. பிறகு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

சண்டை முடிந்ததும், கோலசிலாங்கூர் பக்கம் பாலக்கட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார். ஒரு காது போனவனை நம்பி யார் சாவியைக் கொடுப்பார்கள்? அதனால் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. யாராவது பேசினால் முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி, நல்ல காதைக் கொடுப்பார். பார்க்கிறவர்கள் அதை ஒரு மிடுக்கு என்று எடுத்துக்கொள்வதாக அவருக்கு நினைப்பு. அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது. புஷ்பவள்ளியிடம்கூடச் சொல்லவில்லை.

கார் சண்டைக்கு முந்தினது. கறுப்பு நிறம், கதவில் சிவப்புச் சிலுவை. பின்னால் மூன்று பேர் உட்காரலாம், முடியாதவர்களைக் கால் மடக்கிப் படுக்கவைக்கலாம். தினமும் விடிந்ததும் அதைக் கழுவித் துடைத்த பிறகுதான் அவர் தேத்தண்ணி குடிப்பார். தொழிலாளர் லயத்துப் பெண்கள் அந்தக் காரைப் புஷ்பவள்ளியின் சக்களத்தி என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு காரில் ஒரு சத்தம் கிளம்பியது. கீச்சு, கீச்சு என்று, எலிக்குஞ்சு கத்துவதுபோல. எல்லா நேரமும் இல்லை. வெறும் காராகப் போனால் வராது. பின்னால் ஆள் ஏறினால், மெதுவாகப் போகும்போது, சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கீச்சிடும். வேகமெடுத்தால் இஞ்சின் சத்தத்தில் அமுங்கிவிடும்.

இருசப்பன் வலப்பக்கம் என்று தீர்மானித்தார். அவர் காதுக்கு அது வலப்பக்கம்தான் கேட்டது. முதல் நாள் வலது பின்சக்கரத்தைக் கழற்றிக் கிரீஸ் வைத்தார். மறுநாள் பிரேக்கைப் பிரித்துத் தேய்த்துக் கழுவினார். அதற்கடுத்த நாள் முன்சக்கரத்தையும் விடவில்லை. சத்தம் அப்படியே இருந்தது.

பின்சீட்டில் எப்போதும் உட்காருகிறவர் மிஸ்ஸி மாடில்டா. தோட்டத்துப் பிரசவங்களைப் பார்க்கிற நர்ஸ், கிள்ளான்காரர், இருசப்பனைவிடப் பத்து வயது இளையவர். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், சத்தம் இடப்பக்கம் வருகிறது என்று. முதல் தடவை இருசப்பன் கேட்காததுபோல இருந்தார். இரண்டாம் தடவை, மிஸ்ஸி மருந்தைப் பார்த்துக்கொள்ளட்டும், சக்கரத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அன்று முழுவதும் அவருக்கு மனசு சரியில்லை.

அந்தச் சனிக்கிழமை, பிரசவமாகி ஐந்து நாளான சின்னத்தாயையும் குழந்தையையும் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியிலிருந்து இருசப்பனும் மாடில்டாவும் அழைத்து வந்தார்கள். சின்னத்தாயின் மாமியாரும் கூட இருந்தாள். பின்சீட்டு நிறைந்து, சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

தோட்டத்துக்கு இரண்டு மைலுக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. காட்டுக்குள் இருந்துகொண்டு சர்க்காரோடு சண்டை போடுகிறவர்களுக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேரக் கூடாது என்று எல்லா வண்டியையும் துழாவிய காலம் அது. கடையில் பால் டின்னைக்கூட, சேர்த்து வைத்துக் கடத்த முடியாதபடி, ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள். தடுப்பில் இருந்த கோப்ரல் யூசோப் இந்தக் காரை நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனால் கார் கீச்சிட்டபடி வந்து நின்றதும் அவர் முகம் மாறியது. சக்கரத்துக்குள் எதையாவது திணித்து வைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம். எல்லாரையும் இறங்கச் சொன்னார். நான்கு சக்கரத்து மூடிகளையும் கழற்றவைத்துக் கம்பியால் குத்திப் பார்த்தார். செம்மண்தான் உதிர்ந்தது.

பிறகு பெண்களை மறுபடி ஏற்றி, காரை நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொன்னார். பக்கத்திலேயே நடந்து, பின்னால் சுற்றி வந்து, ஒரு இடத்தில் நின்று கையைக் காட்டினார்.

“கிரி. பெலாகாங்.”

இடது, பின்சக்கரம். இருசப்பன் காரை நிறுத்தினார். இறங்கி வந்து, இல்லை, வலது என்று மலாயில் சொன்னார். அங்கே நின்ற மற்ற இரண்டு போலீஸ்காரர்களும் இடது என்றே சொன்னார்கள். சின்னத்தாயின் மாமியாரும் உள்ளேயிருந்து இடது என்றாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இத்தனை நாளாக உலகத்துச் சத்தம் முழுவதும் அவருக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மாடில்டா இறங்கி வந்து அவருடைய வலப்பக்கத்தில் நின்றார்.

“இருசப்பண்ணே, நான் ஏன் எப்பவும் உங்க சீட்டுக்கு நேர் பின்னால உட்கார்ந்து ஜன்னல் பக்கமாவே பேசுறேன்னு நினைக்கிறீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எப்பலருந்து தெரியும் மிஸ்ஸி?”

“வந்த முதல் வாரத்துலருந்து. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்.”

 அவர் எழுந்து போய் ஜாக்கை எடுத்தார்.

இடது பின்சக்கரம் கழன்று வந்தது. நட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. சக்கரம் சுழலும் இருசு நன்றாக இருந்தது, பிரேக்கில் பழுது இல்லை. சக்கரத்தின் இரும்புத் தட்டை மண் போகத் துடைத்துப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. செரண்டாப் பட்டறையில் லோரி அச்சுகளைச் சோதித்த ஒரு முறை அவருக்கு நினைவு வந்தது. கோப்ரலிடம் விளக்குக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் கொஞ்சம் கேட்டார். மாடில்டாவிடம் குழந்தைப் பவுடரைக் கேட்டார்.

மண்ணெண்ணெயைத் தட்டு முழுக்கத் தடவிச் சற்று ஊறவிட்டு, துணியால் ஈரமே இல்லாமல் துடைத்தார். அதன்மேல் பவுடரை வெள்ளையாகத் தூவினார். மூன்று போலீஸ்காரர்களும் மிஸ்ஸியும் குனிந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நட்டுத் துளையிலிருந்து அடுத்த துளைவரை, பவுடர்மேல் மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது. வெடிப்புக்குள் இறங்கியிருந்த எண்ணெய் வெளியே கசிந்து வந்த கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூன்றாவது துளைக்கும் நீண்டது.

பாரம் ஏறும்போதெல்லாம் வெடிப்பின் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று உரசியிருக்கிறது. இன்னும் சில நாள் போயிருந்தால் தட்டு பிளந்து சக்கரம் தனியே ஓடியிருக்கும். அன்று காலை ஆற்றுப்பாலத்தின்மேல் வேகமாக வந்ததை நினைத்து இருசப்பன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாடில்டா பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். உதிரிச் சக்கரத்தைக் கோப்ரலே உருட்டிக்கொண்டு வந்தார்.

“மிஸ்ஸி அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் வெடுக்குனு பேசிட்டேன்” என்றார் இருசப்பன்.

“வலப்பக்கம் ரெண்டு சக்கரமும் இப்போ புதுசு மாதிரி இருக்குல்ல, விடுங்கலா” என்றார் மாடில்டா.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் இருசப்பன் நேராக டிரஸர் நாராயணசாமியிடம் போனார். ஆஸ்பத்திரியை நடத்துகிறவர் அவர்தான். காரோட்டும் வேலைக்கு இனித் தான் லாயக்கில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தே போனார். டிரஸர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு உன் காதுக்குள்ள விளக்கு அடிச்சுப் பார்த்தவன் நான்தானேப்பா. கிழிஞ்சிருந்ததைப் பார்த்தேன். நீ கார் ஓட்டுறதையும் பார்த்தேன். சரின்னு கையெழுத்துப் போட்டேன். போ, வெடிச்ச சக்கரத்தை யாரும் எடுத்து மாட்டாத இடத்துல போட்டு வை.”

அன்று சாயங்காலம் ஊரடங்குக்கு முன்னால், முள்கம்பி வேலியோரம் விறகு பிளந்துகொண்டிருந்த புஷ்பவள்ளியிடம் போய்ச் சொன்னார். அவள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இத்தனை வருஷமாக அவருக்கு வலப்பக்கமாகவே தான் படுப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லையா என்று கேட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, அந்தக் காதை விரல் நுனியால் தொட்டு, இப்போதும் வலிக்கிறதா என்று கேட்டாள். வலி போய் வெகுகாலம் ஆயிற்று என்றார். யாரும் அதுவரை அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகும் அவர் அந்தக் காரை ஆறு வருஷம் ஓட்டினார். காது கேட்காததை யாரிடமும் மறைக்கவில்லை. புது ஆள் ஏறினால், இந்தப் பக்கம் வந்து சத்தமாகப் பேசச் சொல்லிவிடுவார். தோட்டம் காரை விற்றபோது, சேர்த்து வைத்ததைப் போட்டு அவரே வாங்கி டாக்சியாக்கிக்கொண்டார். சாலையில் தடுப்புகள் எடுக்கப்பட்டு, கோலசிலாங்கூருக்குப் போய்வர யாரையும் கேட்க வேண்டாம் என்று ஆகியிருந்த நாள்கள் அவை. முதல் சவாரி புஷ்பவள்ளிக்கு, கடல் பார்க்க. அவள் முன்சீட்டில், அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். வழியில் கண்டதையெல்லாம் அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததால் போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே போனாள். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து, சாலையோர மலாய்க் கம்பங்களில் குடியிருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.