கோர்ட்டு சீரியலும் பத்துப் பேர் கருத்தும்

பத்திரிகைத் தொழிலில் சுலபமான வேலை பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது என்று நினைப்பவர்கள், ஒரு நாளாவது நோட்டும் பேனாவுமாகப் பஸ் நிலையத்தில் நின்று பார்க்க வேண்டும். கேட்டால் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பார்கள். பேனாவை மூடினால் அரை மணி நேரம் பேசுவார்கள். பேசி முடித்துவிட்டு, "நீங்களே நல்லபடியா எழுதிக்குங்க சார்" என்று போய்விடுவார்கள். நாமும் எழுதிக்கொள்வோம். தாலுகா நிருபராக இருந்து அவதிப்பட்டவர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது.

செஞ்சிக்கு நான் முப்பது வருடமாக நிருபர். நெல் மூட்டை தேக்கம், குடிநீர்க் குழாய் உடைப்பு, கோட்டையில் விடுமுறைக் கூட்டம் என்று எழுதிக்கொண்டிருந்தவனை, போன ஆடி மாதத்தில் மாவட்ட அலுவலகத்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். ஏழரை மணிக்கு ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அதற்கு 'கோர்ட்டு சீரியல்' என்றுதான் பெயர். நிச்சயதார்த்தம் முடிந்த ஒரு டீச்சர். மாப்பிள்ளை பைக்கில் கூட்டிப் போகிறான்; போன இடத்தில் அவள் வேண்டாம் என்று சொல்லியும் அவன் விடவில்லை. அவள் வழக்குப் போடுகிறாள். "எனக்கு நிச்சயமான பெண்தானே, அவளே சம்மதித்துத்தானே வந்தாள்" என்பது அவன் கட்சி. வெள்ளிக்கிழமை தீர்ப்பு. சனிக்கிழமை இணைப்பில் அரைப் பக்கம். பத்துப் பெண்களின் கருத்து, போட்டோவுடன். முடிந்தால் போட்டோவில் பின்னால் கோட்டை தெரிய வேண்டுமாம்.

எனக்குத் தட்டச்சு ஓடாது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கவிதாதான் என் செய்திகளை அடித்து அனுப்புவார். பாஸ்போர்ட் போட்டோவும் எடுப்பார். அவருக்கே நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை திண்டிவனம், ஆவணியில் கல்யாணம். "பத்தாவது ஆள் நீதாம்மா" என்றேன். மாப்பிள்ளை வீட்டில் நம் பேப்பர்தான் வாங்குகிறார்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் உடனே சரி சொல்லவில்லை.

"மத்தவங்கள்து ஒம்போதும் மொதல்ல வரட்டும் சார். நான் யோசிச்சி சொல்றேன்" என்றார்.

அரிசி மண்டி வீடு

முதலில் போனது அரிசி மண்டி வைத்திருக்கும் ஜைன நண்பர் வீட்டுக்கு. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் வீடு. ஏழரைக்கு யாரும் தோசை கேட்க மாட்டார்கள், எனவே ஊரிலேயே நிம்மதியாக சீரியல் பார்க்கும் பெண்மணி இவர் மனைவிதான் என்பது என் கணக்கு. அவரைப் பார்த்துக் கேள்வி கேட்டேன். பதில் நண்பரிடமிருந்து வந்தது. பெண்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், காலம் கெட்டுக் கிடக்கிறது, செல்போன்தான் காரணம் என்று வரிசையாகச் சொன்னார்.

"இது பெண்கள் பக்கம். அவங்க கருத்துதான் வேணும்" என்றேன். "நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான். எழுதிக்கோப்பா" என்றார். முப்பது வருடப் பழக்கம், நானும் எழுத ஆரம்பித்துவிட்டேன். அந்த அம்மா மோர் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அப்ப போட்டோவும் அவருதே போட்டுடுங்க."

சிங்கவரம் ஷேர் ஆட்டோ

சிங்கவரம் போகும் ஷேர் ஆட்டோவை ஓட்டுபவர் ஏழுமலை. பெண்கள் பக்கமாவது ஒன்றாவது, என் கருத்தையும் போட்டே ஆக வேண்டும் என்று நின்றார். "அந்தப் பொண்ணை யாருன்னா தூக்கினு போனாங்களா? அவளே ஏறினா, அவளே உக்காந்தா. வண்டியில ஏறினாலே சம்மதம்தான் சார்" என்றார். எழுதிக்கொண்டேன். பின் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் முன்னால் சாய்ந்தார்.

"யோவ், நானும்தான் உன் வண்டியில ஏறிக்கீறேன். ஊருக்குப் போவத்தான் ஏறினேன். நீ வேற இன்னான்னா நெனச்சிக்கினியா?"

ஆட்டோவில் ஏழு பேர். ஏழு பேரும் சிரித்ததில் வண்டியே ஆடியது. "நான் இங்கயே எறங்கிக்கவா, இல்ல சிங்கவரம் வரைக்கும் நம்பி வரலாமா?" என்று இன்னொரு குரல் வேறு. ஏழுமலைக்குக் காது சிவந்துவிட்டது. வண்டியைக் கிளப்புவதற்கு முன் என் பக்கம் குனிந்து, ரகசியமாகச் சொன்னார்:

"சார், நான் சொன்னத அடிச்சிடுங்க. அந்தம்மா சொன்னதயே என்னுதா போட்டுக்குங்க."

நோட்டில் அதை அடித்தேன். அந்த அம்மாளின் வார்த்தை அந்த அம்மாள் பெயரிலேயே வந்தது.

வக்கீலின் வருத்தம்

கோர்ட்டு வாசல் டீக்கடையில் ஒரு மூத்த வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார். இந்த சீரியலால் தொழிலே செய்ய முடியவில்லை என்றார். வரப்புத் தகராறுக்கு வந்த கட்சிக்காரர், "சீரியல்ல மாப்பிள்ளை வக்கீல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு நடந்துக்கினே அந்த டீச்சரக் கேக்கறாரு, நீங்க நின்ன எடத்துலயே நிக்கறீங்களே" என்று குறைப்பட்டாராம். அதைவிட அவருக்குப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. இந்த மாதிரி வழக்குகளைக் கதவைச் சாத்தித்தான் விசாரிப்பார்கள், வேடிக்கை பார்க்க ஒருவரையும் உள்ளே விட மாட்டார்கள், சீரியலிலோ கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம் உட்கார்ந்திருக்கிறது என்றார். அதை அவசியம் பத்திரிகையில் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

டீ போட்டுக்கொண்டிருந்த பெண்மணி கவலையோடு கேட்டார்: "கதவ சாத்திட்டா நாங்க எப்படிங்க பாக்கறது?"

பனமலை அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்

பனமலையில் ஓர் அம்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். கல்லூரி முடித்த இரண்டு மகன்கள். ஏழரை ஆனால் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார வேண்டும், செல்போன் இரண்டும் அம்மா மடியில். கிரிக்கெட் நடக்கும் நாளில்கூட விலக்கு கிடையாது. நான் போனபோது விளம்பர இடைவேளை. பெரியவன் என்னைக் கண்டதும் விடுதலைக்கு ஆள் வந்துவிட்ட மாதிரி எழுந்தான். அம்மா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தான்.

"பெண்களுக்கு நல்ல பாடம்னு போட்டுக்கலாங்களா?" என்றேன். வழக்கமாக எல்லாச் செய்தியிலும் நாங்கள் போடும் வரி அது. "பொண்ணுங்களுக்கு இன்னாத்துக்கு? அதுங்களுக்கு எல்லாம் தெரியும். பையனுங்களுக்குன்னு போடுங்க" என்றார். சின்னவன் பரிதாபமாக என்னைப் பார்த்து, "நாங்க இன்னா சார் பண்ணோம்?" என்றான். பதில் அம்மாவிடமிருந்து வந்தது:

"பண்ணாம இருக்கறதுக்குத்தான்டா."

பத்தாவது கருத்து

வியாழக்கிழமை மாலைக்குள் ஒன்பது சேர்ந்துவிட்டன. ஏழுமலை கதை உட்பட நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே அடித்து முடித்த கவிதா, நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "என்னுத எழுதிக்குங்க சார்" என்றார். ஒரே மூச்சில் சொன்னார்: "நிச்சயத்தன்னிக்கு நான் தலையாட்டினது கல்யாணத்துக்கு. மத்ததுக்கெல்லாம் அன்னன்னிக்குத் தனியா கேக்கணும்."

நான் ஒரு வார்த்தை மாற்றவில்லை. மாற்ற ஒன்றுமில்லை. அவரே அடித்தார், அவரே போட்டோ எடுத்துச் சேர்த்தார், அனுப்பினார். பத்து நிமிஷத்தில் உதவி ஆசிரியர் கூப்பிட்டு, அதுதான் பக்கத்துக்கே தலைப்பு என்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கவிதா போன் செய்தார். "சார், என்னுத எடுத்துடுங்க."

ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றேன். "இல்ல சார்." "அப்ப ஏன்?" "வேணாம் சார்." "நேத்து நீயேதானேம்மா சொன்னே?" "ஆமா." "நான் கட்டாயப்படுத்தினேனா?" "இல்ல." "போட்டோவும் நீயேதானே எடுத்தே?" "நானேதான்." "சிரிச்சிக்கினு வேற நிக்கறியேம்மா அதுல!"

எதிர்முனையில் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "ஏழுமலைண்ணன் அடிக்கச் சொன்னப்ப ஒரு கேள்வி கேட்டீங்களா சார்? எங்கிட்ட மட்டும் அந்தக் கறுப்புக் கண்ணாடி வக்கீல் டீச்சர்கிட்ட கேட்டதையே கேக்கறீங்க. வரிசை கூட மாறல."

தலைப்பில்லாத பக்கம்

உதவி ஆசிரியரைக் கூப்பிட்டு, பத்தாவதை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர்தான்; ஆனால் தலைப்பைப் பறிகொடுத்த எந்த உதவி ஆசிரியரும் அந்த நேரத்தில் நல்ல மனிதராக இருக்க முடியாது. "பேர எடுத்துட்டு 'ஒரு வாசகி'ன்னு போட்டுக்கலாம் சார், போட்டோ வேணாம்" என்றார். இந்த வழி எனக்கும் தெரியும். எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். 'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்' என்று நான் எழுதியவர்களில் பலர் பேட்டியே கொடுக்க விரும்பாதவர்கள். எங்கள் ஊர் அளவுக்கு அதை யார் சொன்னது என்று கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். கண்டுபிடிக்க முடியாது என்றே வைத்துக்கொண்டாலும், வார்த்தை அவருடையது, திருப்பிக் கேட்டுவிட்டார்.

"காரணம் இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார் உதவி ஆசிரியர்.

"சொல்லல."

"கேக்கலயா நீங்க?"

"கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

கடைசியில், பனமலை அம்மாவின் வரியைத் தலைப்புக்கு ஏற்றிவிட்டு, பத்தாவது இடத்தில் மிக்ஸி தள்ளுபடி விளம்பரம் வைக்கிறேன் என்றார். போனை வைக்கும் முன் ஒரு வார்த்தை:

"முப்பது வருஷமா இல்லாத பழக்கமெல்லாம் பென்ஷன் வாங்கற வயசுல எங்கேர்ந்து சார் வருது?"

திண்டிவனத்திலிருந்து வந்தவர்

தீர்ப்பில் அந்த மாப்பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தது. சனிக்கிழமை பேப்பரில் ஒன்பது கருத்தும் ஒரு மிக்ஸியும் வந்தன. கவிதா கடைக்குப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. திங்கட்கிழமை வேறு வழியில்லை, செய்தி அனுப்ப வேண்டும். போனேன். இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. அடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்: "அவரு அத பேப்பர்ல படிச்சித் தெரிஞ்சிக்கக் கூடாது சார். மொதல்ல என் வாயால கேக்கணும். அப்புறம் கல்யாணம் நடந்தாலும் சரி, நின்னாலும் சரின்னு தோணிச்சி." வெள்ளிக்கிழமை எனக்குப் போன் செய்த கையோடு மாப்பிள்ளைக்குப் போன் செய்து, அதே இரண்டு வாக்கியத்தையும் சொல்லியிருக்கிறார்.

"இன்னாம்மா சொன்னாரு?" வாய் அடங்கவில்லை எனக்கு.

"'நான் அந்த சீரியலே பாக்கறதில்ல, என்ன எதுக்குத் திட்டறே'ன்னு வெச்சிட்டாரு."

சனிக்கிழமை முழுக்க போன் இல்லையாம். கவிதா வீட்டில் சமைத்தது அப்படியே இருந்ததாம். கவிதாவின் நைனா மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்புமா என்று விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை பஸ் ஏறி வந்து கடை வாசலில் நின்றிருக்கிறார். ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தாராம். திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடையே இல்லை போலிருக்கிறது.

"எல்லா எபிசோடையும் சனிக்கிழமை ஒரே நாள்ல போன்லயே பார்த்து முடிச்சிருக்காரு சார். கண்ணெல்லாம் செவப்பா இருந்துச்சி. ஸ்டூல காட்டி 'உக்காரலாமா'ன்னாரு. அப்புறம் 'பேசலாமா'ன்னாரு. டீ வாங்கியார எழுந்தவரு, 'வாங்கியாரலாமா'ன்னு அதுக்கும் கேட்டாரு." கவிதா கீபோர்டிலிருந்து கையை எடுத்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான்.

"தொல்லை தாங்கல சார். ஆனா கேக்கட்டும்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. போய்ச் சாப்பிட்டேன். பல மாதம் கழித்து, இதையெல்லாம் எழுதட்டுமா, பேரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். பேரை மாற்ற வேண்டாம் என்று கணவர் சொன்னார். கவிதா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் உடனே, "இவளத்தான் கேக்கணும்" என்று நகர்ந்துகொண்டார். கவிதா யோசித்துவிட்டுச் சொன்னார்:

"எழுதுங்க சார். ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தரம் கேளுங்க."

கேட்டுவிட்டேன். கேள்வி கேட்பதற்கே சம்பளம் வாங்கிய எனக்கு, 'போடலாமா' என்ற ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்க முப்பது வருடம் பிடித்திருக்கிறது.